செல் தன்மடிகிறதா, தன்மடிவுக்கு உள்ளாகிறதா? ஒரு வினைச்சொல்லின் பொருளும் வழக்கும்

நுண்ணோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செல் உயிரியல் பாடநூல் ஒன்றின் தமிழாக்கத்தைச் செப்பனிடும் பணியில் இருக்கிறேன். செல் தன் உள்ளமைந்த கருவிகளைக் கொண்டு ஒழுங்காகத் தானே இறப்பதைக் குறிக்கும் ‘அப்போப்டோசிஸ்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் ‘தன்மடிவு’ என்று வைத்திருக்கிறார்; அதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் வினையில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தே ‘அப்போப்டோஸ்’ என்றொரு வினையை உண்டாக்கி ஆய்வுக்கூடப் பேச்சிலும் கட்டுரைகளிலும் வழங்குகிறார்கள். மூலநூலாசிரியரும் அதைத் தயங்காமல் எழுதுகிறார். தமிழில் ஒரே இயலுக்குள் அது நான்கு உருவம் எடுத்திருக்கிறது:

‘செல்கள் தன்மடிவுக்கு உள்ளாகின்றன.’
‘செல்கள் தற்கொலை செய்துகொள்கின்றன.’
‘செல்கள் தன்மடிகின்றன.’
‘மருந்து செல்களைத் தன்மடித்தது.’

நான்கும் ஒரே பொருள் தருகின்றனவா? இல்லையென்றால் எதை நிறுத்தி எதை நீக்குவது? ‘தன்மடி’ என்று ஒரு வினையடியை வைத்துக்கொள்ளத் தமிழ் இலக்கணம் இடம் தருகிறதா? சொல்லின் அழகைவிட, படிக்கும் மாணவர் செல்லுக்குள் நடப்பதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கவலை.

சொல்லியல் எழுதியது:

நான்காவது வாக்கியத்தை உடனே நீக்கிவிடுங்கள். ‘மடி’ என்னும் அடி தன்வினையாக வரும்போது ‘மடிந்தது, மடிகிறது, மடியும்’ என்றும், பிறவினையாக வரும்போது ‘மடித்தது, மடிக்கிறது, மடிக்கும்’ என்றும் நடக்கும். உதிர்ந்தது, உதிர்த்தது என்பதைப் போன்ற இணைதான் இது. ஆனால் ‘மடித்தது’ என்று படித்தவுடன் இன்று நம் மனத்தில் எழுவது துணியை மடிப்பதும் காகிதத்தை மடிப்பதுமே. ‘மருந்து செல்களைத் தன்மடித்தது’ என்று படிப்பவர், மருந்து செல்லை இரண்டாக மடக்கி வைத்தது என்று எண்ணினால் குற்றம் அவர்மேல் இல்லை. ‘தன்மடியச் செய்தது’, ‘தன்மடியத் தூண்டியது’ என்று ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு துணைவினை சேர்த்து எழுதுவதே பிழையற்ற வழி.

‘தன்மடி’ என்று அடியைத் தனியே நிறுத்தினால் ‘தன்னுடைய மடி’ என்று பொருள்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே சொற்பட்டியலில் ‘தன்மடிதல்’ என்று தொழிற்பெயராகவே கொடுங்கள். காலம் காட்டும் வடிவங்களில் இந்தக் குழப்பம் வராது. பன்மையில் ‘செல்கள் தம்மடிந்தன’ என்று மாற்ற வேண்டுமா என்று யாரேனும் கேட்கக்கூடும், வேண்டியதில்லை. ‘தன்னாட்சி’, ‘தன்னிறைவு’ போன்றவற்றில் ‘தன்’ முன்னொட்டாக இறுகிவிட்டது. ‘மாநிலங்களின் தன்னாட்சி’ என்றுதான் எழுதுகிறோம்.

பெட்ரித்தட்டு எழுதியது:

சொல்லியல் ஐயா சொன்ன ‘மடிப்பு’ என்னும் பொருள் செல் உயிரியலுக்குள்ளேயே குழப்பத்தை உண்டாக்குகிறது. புரதம் மடிகிறது என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். அமினோ அமிலச் சங்கிலி முப்பரிமாண வடிவம் கொள்வதைக் குறிக்க வேறு நல்ல சொல் இல்லை. செல்லில் புரதங்கள் உருவாகி மடியும் இடமான எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் தவறாக மடிந்த புரதங்கள் குவிந்து, அந்த நெருக்கடி நீடித்தால், செல் தன்னை முடித்துக்கொள்ளும். இதை ‘மடி’ என்னும் ஒரே வினையால் எழுதிப் பாருங்கள்: ‘புரதங்கள் சரியாக மடியாததால் செல் மடிகிறது.’ நான் பாடம் நடத்தியபோது இந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, வகுப்பு முழுவதும் புருவம் சுருக்கியதைக் கண்டு அழித்திருக்கிறேன். ‘தன்’ என்னும் முன்னொட்டு வெறும் அலங்காரம் அன்று. இந்த இடத்தில் பொருளைக் காப்பதே அதுதான். அதை எந்த இடத்திலும் விட்டுவிடாதீர்கள்.

வேர்நிழல் எழுதியது:

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வேறொரு வழியும் தெரிகிறது. ஜான் கெர் என்னும் ஆஸ்திரேலிய நோயியலாளர், எலியின் கல்லீரலில் சில செல்கள் வழக்கமான முறையில் வீங்கி வெடிக்காமல், சுருங்கித் துண்டுகளாகப் பிரிந்து மறைவதைக் கண்டார். முதலில் அவர் அதற்கு ‘சுருங்கு நசிவு’ என்று பொருள்படும் பெயரையே கொடுத்திருந்தார். பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகியோருடன் சேர்ந்து 1972இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ‘அப்போப்டோசிஸ்’ என்னும் சொல் இப்பொருளில் வந்தது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கத் துறைப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் அதைப் பரிந்துரைத்தார் என்று அந்தக் கட்டுரையிலேயே நன்றியுடன் குறித்திருக்கிறார்கள். பூவிலிருந்து இதழ் உதிர்வதையும் மரத்திலிருந்து இலை உதிர்வதையும் கிரேக்கத்தில் அந்தச் சொல் குறிக்கும். கண்ணிமை தொங்கிவிடும் நிலையை மருத்துவர்கள் ‘டோசிஸ்’ என்கிறார்களே, அதே ‘வீழ்தல்’தான் இதன் பிற்பாதி. அதனால் இரண்டாவது ‘ப்’ ஒலிக்கக் கூடாது என்பது அவர்கள் விருப்பம். உலகம் அதைப் பாதிதான் கேட்டது.

ஆகவே ‘உதிர்தல்’ என்பதே நேரான தமிழ்ச் சொல் ஆகாதா? ‘செல் உதிர்ந்தது’ என்பதில் வன்முறை இல்லை, ஓசை இல்லை, பருவம் வந்து தானாக நிகழ்ந்தது என்னும் குறிப்பு உண்டு. இதைவிட வியப்பானது ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று வரிசைப்படுத்தும்போது உதிர்ந்த பூவுக்குப் பழந்தமிழில் ‘வீ’ என்று பெயர். அதே ‘வீ’ வினையாக வரும்போது அழிதல், நீங்குதல் என்னும் பொருள் தரும். ‘வீயாது’ என்றால் நீங்காமல், ஒழியாமல். பூ உதிர்தலையும் உயிர் ஒழிதலையும் ஓரெழுத்தில் சேர்த்து வைத்திருக்கும் மொழி, இந்தக் கருத்துக்குச் சொல் இல்லாமல் திணறுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெட்ரித்தட்டு எழுதியது:

வேர்நிழல் அவர்களே, ‘வீ’ பற்றி நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன், மனம் நிறைந்தது. ஆனாலும் பாடநூலுக்கு அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. ‘செல் வீந்தது’ என்று படிக்கும் மாணவர் அகராதியைத் தேடுவார்; அதைத் தேடும்போது மைட்டோகாண்டிரியா கைநழுவிப் போகும்.

‘உதிர்தல்’ பற்றிய என் தயக்கம் வேறு. தோலின் மேலடுக்குச் செல்களும் குடற்சுவரின் செல்களும் உண்மையாகவே உதிர்கின்றன. அதாவது இருந்த இடத்திலிருந்து பிரிந்து விழுகின்றன. அங்கே அந்த வினை ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. அப்போப்டோசிஸில் முதன்மையான நிகழ்வு பிரிந்து விழுவது அன்று, உள்ளிருந்து கலைவது. இலையுதிர்வும்கூட உண்மையில் அப்போப்டோசிஸ் அன்று. இலைக்காம்பின் அடியில் உள்ள பிரிபடையின் செல்கள் தமக்கிடையே உள்ள சுவர்ப்பிணைப்பைக் கரைத்துக்கொள்வதால் இலை கழன்று விழுகிறது. தாவரங்களில் விலங்குகளில் அப்போப்டோசிஸை நடத்தும், புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகளே கிடையாது. பெயருக்கு உவமை தந்த நிகழ்ச்சி பெயரின் வரையறைக்கு வெளியே நிற்கிறது.

இனி, நுண்ணோக்கி அவர்கள் கேட்ட முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘தன்மடிவுக்கு உள்ளாகிறது’ என்பதைத்தான் நான் இந்த நான்கில் மிகவும் எதிர்க்கிறேன். ‘உள்ளாகிறது’, ‘ஆளாகிறது’, ‘உட்படுகிறது’ என்பவை எல்லாம் வெளியிலிருந்து வந்த ஒன்றைத் தாங்கிக்கொள்ளும் நிலையைக் காட்டும். விபத்துக்கு உள்ளாகிறோம்; விசாரணைக்கு உட்படுகிறோம். செல் அப்படித் தாங்கிக்கொண்டு நிற்கவில்லை.

நுண்ணோக்கியின் கீழ் நேரங்கழிப்புப் படமெடுத்து ஹீலா என்னும் ஆய்வக மனிதப் புற்றுச் செல் ஒன்றை நான் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் பரந்து படிந்திருந்த செல், முதலில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையானது. சற்று நேரத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் கொதிக்கும் பாகு போலக் குமிழ் குமிழாக எழும்பி அடங்கி மீண்டும் எழும்பியது. பின்னர் அந்தக் குமிழ்கள் அடங்காமல் தனித்தனி உருண்டைகளாகக் கழன்றன. ஒவ்வோர் உருண்டையும் சவ்வால் மூடப்பட்டே இருந்தது. உள்ளிருந்த எதுவும் வெளியே சிந்தவில்லை. பக்கத்துச் செல் ஒன்று அதன் விளிம்பை நீட்டி ஓர் உருண்டையை உள்ளே வாங்கிக்கொண்டது.

இவ்வளவையும் நடத்துவது அந்தச் செல்லின் சொந்தக் கருவிகள். காஸ்பேஸ்கள் செயலற்ற முன்வடிவில் அதற்குள் முன்பே காத்திருக்கின்றன. மைட்டோகாண்டிரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்னும் புரதம் கசிந்தால், அது ஏப்பாஃப் 1 என்னும் புரதத்தோடு சேர்ந்து ஏழு அலகுகள் கொண்ட சக்கரமாகி, காஸ்பேஸ் 9ஐ முடுக்குகிறது. அது காஸ்பேஸ் 3ஐ வெட்டி எழுப்புகிறது. அது செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறித்த இடங்களில் வெட்டுகிறது. டிஎன்ஏகூட, அது புரதங்களைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோசோம் உருண்டைகளுக்கு இடையே வெட்டப்படுவதால்தான், ஏறக்குறைய 180 கார இணைகளின் மடங்குகளாக ஏணிப்படி போல ஜெல்லில் தெரிகிறது. மேலும், இதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வேண்டும். இறக்கும்படி தூண்டப்பட்ட செல்லின் ஏடிபியைத் தீர்த்துவிட்டால், அது இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாமல் வீங்கி வெடித்து நசிந்துவிடுகிறது. ஆற்றல் செலவழித்துச் செய்யும் ஒரு வேலைக்கு ‘உள்ளாகிறது’ என்று எழுதுவது, உழுதவரைப் பார்த்து ‘உழவுக்கு உள்ளானார்’ என்பதைப் போன்றது. செல் தன்மடிகிறது. எழுவாய் செல், செய்வதும் செல். இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது.

முதலாண்டு எழுதியது:

பெட்ரித்தட்டு அம்மா, ஓர் ஐயம். நோயெதிர்ப்பு மண்டலத்தின் கொல்லும் டி செல் வந்து தொட்டால்கூட இலக்குச் செல் இதே முறையில்தான் இறக்கிறது என்று படித்தேன். அங்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்கிறாரே? அப்போதும் ‘தன்’ என்று எழுதலாமா?

பெட்ரித்தட்டு எழுதியது:

நல்ல கேள்வி. டி செல் தன் வெளிப்புறப் புரதத்தால் இலக்குச் செல்லின் ஃபாஸ் ஏற்பியைத் தட்டினாலும் சரி, கிரான்சைம் பி என்னும் நொதியை உள்ளே செலுத்தினாலும் சரி, இலக்குச் செல்லின் சொந்தக் காஸ்பேஸ்களே முடுக்கப்படுகின்றன. டி செல் தீக்குச்சியைக் கிழிக்கிறது. எரியும் விறகு இலக்குச் செல்லுடையது. எனவே ‘டி செல் இலக்குச் செல்லைத் தன்மடியச் செய்கிறது’ என்று எழுதுங்கள். ஏவியவர் ஒருவர், செய்தவர் ஒருவர் என்பதைத் தமிழ் வாக்கியம் இரண்டு வினைகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

‘தன்’ என்னும் முன்னொட்டுக்கு மிக உறுதியான சான்று ஓர் உருளைப்புழுவிடம் இருக்கிறது. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸின் இருபாலுயிரி வளரும்போது 1090 உடற்செல்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் மடிந்து, 959 எஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. செட் 3 என்னும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தால், மடிய வேண்டிய அந்தச் செல்கள் ஏறக்குறைய அனைத்தும் பிழைத்துக்கொள்கின்றன. அதாவது, அவை ஏதோ கோளாறால் அழியவில்லை. தமக்குள் இருந்த ஒரு மரபணுவைக் கொண்டுதான் மடிந்தன. சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவரும் 2002இல் நோபல் பரிசு பெற்றதற்கு இந்த ஆய்வுகளே காரணம்.

வேர்நிழல் எழுதியது:

‘உதிர்தல்’ பற்றிய மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். செல் இறப்பின் வேறு வகைகளுக்குப் பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ் என்று ஒரு பெயர்க் குடும்பமே வந்துவிட்டதே; அனைத்துக்கும் பொதுவான அடி ஒன்று வேண்டாமா?

சொல்லியல் எழுதியது:

பொதுவான அடி வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2001இல் பெயர் பெற்ற பைரோப்டோசிஸில் செல் சவ்வில் துளை விழுந்து வீங்கி வெடிக்கிறது; 2012இல் பெயர் பெற்ற ஃபெரோப்டோசிஸில் இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்புகள் ஆக்சிகரணமடைந்து சிதைகின்றன. கிரேக்கப் பின்னொட்டு ஒன்றாக இருப்பதால் நிகழ்ச்சிகள் ஒன்றாகிவிடா. அவற்றை இப்போதைக்கு ஒலிபெயர்த்தே எழுதலாம்.

‘தற்கொலை’ பற்றி யாரும் பேசவில்லை. ‘தன்னை அழித்துக்கொள்கிறது’ என்று பொதுமக்களுக்கான கட்டுரையில் எழுதுவதில் தவறில்லை. ‘தற்கொலை செய்துகொள்கிறது’ என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சொல் மனமுடைந்த ஒரு மனிதரை நினைவூட்டுகிறது. செல்லுக்கு மனமும் இல்லை, துயரும் இல்லை. அந்தத் துயரை வீட்டில் கண்டவர்களும் பாடநூல் படிக்கிறார்கள். பொருளிலும் பொருந்தாத, படிப்பவரையும் காயப்படுத்தக்கூடிய ஓர் உவமையை வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

நுண்ணோக்கி எழுதியது:

‘தற்கொலை’ அனைத்தையும் நீக்கிவிட்டேன். இன்னும் இரண்டு இடங்களில் நிற்கிறேன். ‘அப்போப்டாடிக் செல்’ என்னும் தொடரை எப்படிச் சொல்வது? ‘30 சதவீதத் தன்மடிவு காணப்பட்டது’ என்று ஒரு படவிளக்கத்தில் இருக்கிறது, அது சரிதானா?

பெட்ரித்தட்டு எழுதியது:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், என் முதல் ஆய்வறிக்கையில், அனெக்சின் ஐந்து என்னும் புரதம் ஒட்டிய செல்களை எண்ணி, ‘இத்தனை சதவீதம் தன்மடிந்தன’ என்று எழுதினேன். செல் தன்மடியத் தொடங்கும்போது, சவ்வின் உட்புறத்தில் இருக்க வேண்டிய பாஸ்படிடில்செரின் என்னும் கொழுப்பு வெளிப்புறத்துக்கு வந்துவிடும். அனெக்சின் அதைப் பிடித்துக்கொள்ளும். அது வரை சரி. ஆனால் சவ்வு கிழிந்து நசிந்த செல்லுக்குள்ளும் அனெக்சின் புகுந்து ஒட்டும். கிழிந்த சவ்வைக் காட்டிக்கொடுக்கும் புரோபிடியம் அயோடைடு சாயத்தை நான் சேர்க்கவே இல்லை. மறுமுறை இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, நான் ‘தன்மடிந்தன’ என்று எழுதியவற்றில் பெரும்பகுதி, நான் குழாயில் முரட்டுத்தனமாக உறிஞ்சி ஊற்றியதால் கிழிந்த செல்கள் என்று தெரிந்தது. அவை எதையும் செய்யவில்லை. அவற்றுக்கு நான் செய்தேன். ஒரு வினைச்சொல்லால் நான் பொய் சொல்லியிருந்தேன்.

செல் இறப்புப் பெயரிடல் குழு 2009இல் வெளியிட்ட பரிந்துரைகளில், ‘இத்தனை சதவீத அப்போப்டோசிஸ்’ போன்ற தொடர்களைக் கைவிட்டு, உண்மையில் எதை அளந்தீர்களோ அதையே எழுதுங்கள் என்று ஆசிரியர்களையும் இதழ்களையும் கேட்டுக்கொண்டது. உங்கள் படவிளக்கத்தை ‘30 சதவீதச் செல்களில் அனெக்சின் ஒட்டியிருந்தது; சாயம் புகவில்லை’ என்று மாற்றுங்கள். ‘தன்மடிந்தது’ என்பது கண்டது அன்று, கண்டதிலிருந்து நாம் எட்டும் முடிவு. சுருக்கம், குரோமாட்டின் (டிஎன்ஏயும் புரதமும் சேர்ந்த இழைகள்) செறிவு, காஸ்பேஸ் செயல்பாடு என்று பல அடையாளங்கள் சேர்ந்து நின்றால் அந்த வினையைப் பயன்படுத்தலாம். ஒன்றும் தெரியாத இடத்தில் ‘செல் இறந்தது’ என்பதே நேர்மையான வாக்கியம்.

சொல்லியல் எழுதியது:

முதல் கேள்விக்கு என் விடை. ஆங்கிலத் தொடர் காலத்தைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறது. மடிந்துகொண்டிருக்கும் செல்லா, மடிந்து முடிந்த செல்லா என்று அதிலிருந்து தெரியாது. தமிழில் பெயரெச்சம் போட்டாலே காலம் வந்துவிடும்: ‘தன்மடியும் செல்’, ‘தன்மடிந்த செல்’. மொழிபெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, மூலத்தில் எது உண்மையில் நடந்திருக்கிறது என்று பார்த்தே எழுத வேண்டியிருக்கும். இதைச் சுமையாகக் கருதாதீர்கள். மூலத்தில் இல்லாத தெளிவு உங்கள் பதிப்பில் இருக்கும்.

பெட்ரித்தட்டு எழுதியது:

அந்தக் காலவேறுபாடு உயிரியலிலும் உண்மையானது. காஸ்பேஸ் முடுக்கப்பட்டு, சுருங்கி, குமிழிடத் தொடங்கிய செல்களைத் தூண்டிய எத்தனாலைக் கழுவி நீக்கியபோது, அவற்றில் பல மீண்டு பரந்து படிந்து வாழ்ந்தன. 2012இல் இதற்கு ‘அனஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் மீண்டெழுதல் என்று பொருள். ஆகவே ‘தன்மடியத் தொடங்கியது’, ‘தன்மடிந்துகொண்டிருக்கிறது’, ‘தன்மடிந்துவிட்டது’ மூன்றையும் கலக்காதீர்கள். ‘விட்டது’ என்று எழுதிய பிறகு அந்தச் செல் மீண்டு வரக் கூடாது.

நுண்ணோக்கி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இயல் முழுவதையும் மீண்டும் பார்த்து ஒழுங்குபடுத்திவிட்டேன். சோதனைக்காக ஒரு பத்தியைத் தருகிறேன்:

‘தைராய்டு இயக்குநீர் பெருகும்போது தலைப்பிரட்டையின் வால் தன்மடிகிறது. காஸ்பேஸ்களைத் தடுத்தால் இந்நிகழ்வு தாமதமாகிறது. தன்மடிந்த செல்களின் துண்டுகளை மேக்ரோபேஜ்கள் விழுங்குவதால் அழற்சி உண்டாவதில்லை. இவ்வாறே கருவின் விரல்களுக்கு இடையில் உள்ள செல்களும் தன்மடிவதால் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன.’

முதலாண்டு எழுதியது:

ஐயா, முதல் வாக்கியத்தில் ‘வால் தன்மடிகிறது’ என்று இருக்கிறது. இந்த வினைக்கு எழுவாய் செல்தான் என்று அம்மா மேலே சொன்னார்கள். வாலின் செல்கள்தானே தன்மடிகின்றன? வால் சுருங்கி மறைகிறது.

நுண்ணோக்கி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். ‘தலைப்பிரட்டையின் வாலில் உள்ள செல்கள் தன்மடிகின்றன, வால் சுருங்கி மறைகிறது’ என்று மாற்றிவிட்டேன். இதே பிழை ‘கட்டி தன்மடிந்தது’ என்று இன்னும் இரண்டு பக்கங்களில் இருப்பதை இப்போதுதான் கண்டேன், அவற்றையும் திருத்துகிறேன்.